உணவில் புரதத்தின் தரம்: கேழ்வரகும் பருப்பும்

பெங்களூரு நகரின் காக்ஸ் டவுன் பகுதியில் தமிழ்க் குடும்பங்கள் பல தலைமுறைகளாக வாழ்ந்து வருகின்றன. அரிசிச் சோற்றுடன், அம்மண்ணுக்குரிய கேழ்வரகுக் களியும் அவர்களது உணவில் இடம் பெற்றுள்ளது. களி பசியை அடக்கும். சுண்ணாம்புச் சத்தையும் மிகுதியாக அளிக்கும். ஆயினும் அதிலுள்ள புரதத்தின் பயனை எடையை மட்டும் கொண்டு மதிப்பிடுதல் இயலாது.

புரதம் என்பது ஏறத்தாழ 20 வகை அமினோ அமிலங்கள் கோத்த தொடராகும். அவற்றுள் 9 வகைகளை நம் உடல் ஆக்கிக்கொள்ள மாட்டாது. உணவின் வழியாகவே பெறவேண்டும். இவை உரிய விகிதத்தில் கிடைத்தால்தான் தசையும் குருதியும் செவ்வனே உருவாகும். கதம்பம் தொடுப்பவரை எண்ணிப் பார்க்க. மல்லிகையும் கனகாம்பரமும் கூடை நிறைய இருப்பினும், மருக்கொழுந்து தீர்ந்ததும் வேலை நின்றுவிடும். பூக்காரர் எஞ்சிய மலர்களை மறுநாளைக்கு வைத்துக்கொள்ளக்கூடும். உடலுக்கு அவ்வசதி இல்லை. மிஞ்சிய அமினோ அமிலங்களை எரித்து, அவற்றின் நைட்ரஜனை யூரியாவாகச் சிறுநீரில் கழித்துவிடுகின்றது. தானியப் புரதத்தில் முதலில் தீர்ந்துபோகும் மருக்கொழுந்து, லைசீன் என்னும் அமினோ அமிலமாகும்.

வளர்ந்தவர் ஒருவருக்கு எவ்வளவு லைசீன் தேவை? உடல் எடையில் கிலோவுக்கு நாளொன்றுக்கு 12 மில்லிகிராம் போதும் என 1985-ஆம் ஆண்டின் பன்னாட்டு அறிக்கை கூறியது. பின்னர், பெங்களூரு செயின்ட் ஜான்ஸ் மருத்துவக் கல்லூரியில் அனுரா குர்பாத் முதலிய ஆய்வாளர்கள், கார்பன்-13 கொண்டு அடையாளமிட்ட லியூசினை இந்தியர்களுக்கு அளித்து, அது உடலில் எரியும் அளவைக் கண்டறிந்தனர். இத்தகைய ஆய்வுகளின் பயனாக, உலக சுகாதார நிறுவனமும் பிற அமைப்புகளும் 2007-இல் வெளியிட்ட அறிக்கையில் தேவை 30 மில்லிகிராம் என உயர்த்தப்பட்டது.

இம்மாற்றம் ஏட்டளவில் நிற்பதன்று. 50 கிலோ எடையுள்ள பெண் ஒருவர் நாளொன்றுக்கு 300 கிராம் கேழ்வரகு மாவு உண்கின்றார் எனக் கொள்வோம். அதில் சுமார் 21 கிராம் புரதம் உண்டு. ஒரு கிராம் புரதத்தில் ஏறத்தாழ 28 மில்லிகிராம் லைசீன். ஆக, மொத்தம் 590 மில்லிகிராம். பழைய கணக்கின்படி அவரது தேவை 600. களி மட்டுமே ஏறக்குறையப் போதும் என்றாகிறது. புதிய கணக்கின்படியோ தேவை 1,500. பாதிகூட நிறைவேறவில்லை!

இக்குறையை நிரப்புவது பருப்பு. 60 கிராம் துவரம் பருப்பில் சுமார் 13 கிராம் புரதமும், 900 மில்லிகிராமுக்குச் சற்று மேற்பட்ட லைசீனும் உள்ளன. களியுடன் கூட்டினால் 1,500 ஆகின்றது. பருப்பில் குறைவாயுள்ள மெத்தியோனினைக் கேழ்வரகு ஈடுசெய்கின்றது. உண்ட புரதம் முழுவதும் செரித்து உடலில் சேர்வதில்லை ஆதலின், 60 கிராம் என்பதைக் குறைந்த அளவாகவே கொள்ளல் வேண்டும். உணவே போதாதவிடத்து உடல் புரதத்தையும் எரித்துவிடும். ஆகவே பருப்பைக் கூட்டுவதற்காகத் தானியத்தைக் குறைக்கச் சொல்லுதல் தகாது.

இல்லங்களுக்குச் செல்லும் பணியாளர் “பருப்பு சமைத்தீர்களா?” என வினவினால், “ஆம்” என்ற விடையே பெரும்பாலும் கிடைக்கும். எத்தனை பேருக்கு எவ்வளவு பருப்பு என்று கேட்டறிதல் வேண்டும். ஐவருக்கு 100 கிராம் போட்டுக் காய்ச்சிய சாம்பாரில் ஒருவர் பங்கு 20 கிராமே. மேற்கூறிய பெண்ணுக்கு அப்போது 900 மில்லிகிராம் லைசீன்தான் கிட்டும். குழந்தைக்குப் பருப்புத் தண்ணீரை மட்டும் இறுத்து ஊட்டும் வழக்கம் இதனினும் கேடானது. புரதத்தின் பெரும்பகுதி அடியில் தங்கிய பருப்பிலேயே உள்ளது. வளர்ச்சிக்கும் சேர்த்துப் புரதம் தேவைப்படும் குழந்தைக்குப் பெயரளவில் பருப்பும் உண்மையில் நீரும் கிடைக்கின்றன. பருப்பை நன்கு மசித்துச் சோற்றிலோ களியிலோ பிசைந்து ஊட்டுமாறு தாய்மார்களுக்குச் செய்தே காட்டுதல் நன்று.

முட்டை உண்ணும் வீடுகளில் ஒரு முட்டையே 400 மில்லிகிராமுக்கு மேற்பட்ட லைசீனைத் தரும். துவரம் பருப்பின் விலை ஏறும் காலத்தில் கொள்ளு கைகொடுக்கும். அதிலும் நூற்றுக்கு 22 பங்கு புரதம் உண்டு. மார்கழி, தை மாதங்களில் பெங்களூருச் சந்தைகளில் குவியும் அவரைக்கொட்டையையும் குழம்பில் தாராளமாகச் சேர்க்கலாம். பச்சைக் கொட்டையில் நீர் மிகுதி ஆதலின், உலர்ந்த பருப்பைப்போல் இரண்டு மூன்று மடங்கு எடை எடுத்துக்கொள்ளல் வேண்டும்.