அடகுக்குப் போன வைரம்: சம்பளக்காரருக்கு நான்கு பாடங்கள்

மாதம் பிறந்து ஒரு வாரம். கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஷிப்ட் முடிந்து மின்சார ரயிலுக்கு ஓடும் கூட்டத்தில் ஒரே பேச்சு: “சம்பளம் ஏறிடுச்சா?” ஏறவில்லை என்றால் பலருக்கும் அடுத்து நினைவுக்கு வருவது வீட்டிலிருக்கும் நகை. அடகு வைப்பதில் வெட்கமில்லை. இந்தியாவின் பெரும் பணக்காரக் குடும்பமே சம்பள நாளுக்காக நகையை ஈடு வைத்திருக்கிறது.

மெஹர்பாய் டாட்டாவுக்குக் கணவர் தோராப்ஜி வாங்கித் தந்தது ஜூபிலி வைரம். எடை 245.35 காரட், கோஹினூரைப் போல இரு மடங்குக்கும் மேல். 1924இல் டாட்டாக்களின் ஜாம்ஷெட்பூர் இரும்பாலையில் சம்பளம் போடப் பணமில்லை. முதல் உலகப் போருக்குப் பின் ஆலையை விரிவாக்கிய செலவு ஒரு பக்கம், விலைச் சரிவு மறுபக்கம். தோராப்ஜி தன் சொத்தோடு மனைவியின் வைரத்தையும் இம்பீரியல் வங்கியில் ஈடு வைத்து 1 கோடி ரூபாய் கடன் திரட்டினார். சம்பளம் போனது, ஆலை பிழைத்தது, வைரமும் மீண்டது.

ரோலிங் மில்லில் நிற்பவருக்கும் காக்களூர் தொழிற்பேட்டையில் லேத் ஓட்டுபவருக்கும் இதில் பாடம் இருக்கிறது.

1. எதற்காக வைக்கிறீர்கள்?
டாட்டாவின் கடன், சம்பாதித்துத் தரும் உலையை அணையாமல் காத்தது. வெல்டிங் சான்றிதழ், சிஎன்சி பயிற்சி, ஃபோர்க்லிஃப்ட் ஓட்டப் பழகுவது ஆகியவை நாளைய சம்பளத்தைக் கூட்டும். புது மொபைலும் சீர்வரிசையும் கூட்டாது. மருத்துவ அவசரம் வேறு கணக்கு. அதற்குத் தயங்காதீர்கள், ஆனால் இஎஸ்ஐ அட்டை இருந்தால் முதலில் அதைப் பயன்படுத்துங்கள்.

2. மீட்கும் தேதியை முதலில் குறியுங்கள்
50,000 ரூபாய்க்கு மாதம் நூற்றுக்கு 2 வட்டி என்றால் ஆண்டுக்கு 12,000 ரூபாய். 1 வட்டி என்றால் 6,000. அவசரத்தில் பக்கத்துக் கடையில் நுழையுமுன் வங்கியில் விசாரித்தால் மிச்சமாவது எவ்வளவு என்று பாருங்கள். ரசீதில் எடை, கல்லுக்குக் கழித்தது, தங்கத்தின் தரம், வட்டி, கெடு ஐந்தும் இருக்க வேண்டும். நகையையும் ரசீதையும் படமெடுத்து வையுங்கள்.

3. சம்பளம் தாமதமா? முதலில் கேளுங்கள்
மாதச் சம்பளம் அடுத்த மாதம் 7ஆம் தேதிக்குள் வர வேண்டும் என்கிறது ஊதியச் சட்டத் தொகுப்பு. ஒப்பந்தத் தொழிலாளிக்கு கான்ட்ராக்டர் தராவிட்டால், வேலை வாங்கும் நிறுவனமே தர வேண்டிய பொறுப்பில் இருக்கிறது. வாய்வார்த்தை போதாது. சம்பளச் சீட்டு, வருகைப் பதிவு, வங்கிக் கணக்கு விவரம் மூன்றையும் சேர்த்து வையுங்கள். மனுவை எழுத்தில் கொடுத்து நகலில் கையொப்பம் வாங்குங்கள். பதில் இல்லையென்றால் தொழிலாளர் துறை.

4. யாருக்கு என்று எழுதி வையுங்கள்
மெஹர்பாய் 1931இல் ரத்தப் புற்றுநோயால் இறந்தார். தோராப்ஜி தன் சொத்தை அறக்கட்டளைக்கு எழுதிவைத்துவிட்டு மறு ஆண்டே மறைந்தார். அவர் சேர்த்த கலைப்பொருட்கள் 1933இல் பம்பாய் அருங்காட்சியகத்துக்குப் போயின. ஜூபிலி வைரம் அங்கே போகவில்லை. அமெரிக்கச் செல்வச் சீமாட்டி மார்ஜரி போஸ்ட், நெப்போலியன் மனைவிக்குத் தந்த வைர அட்டிகையை 1962இல் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்துக்கே கொடுத்தார். இன்றும் அதைப் பார்க்கலாம். ஜூபிலியோ 1937இல் விற்கப்பட்டு, பணம் அறக்கட்டளைக்குச் சேர்ந்தது. அந்த அறக்கட்டளை எழுப்பியதுதான் 1941இல் பம்பாயில் திறந்த டாட்டா நினைவுப் புற்றுநோய் மருத்துவமனை. எழுத்தில் இருந்ததால்தான் இத்தனையும் நடந்தது.

உங்கள் எழுத்து, பிஎஃப் கணக்கின் நாமினி. திருமணத்துக்கு முன் அம்மா பெயரையோ தம்பி பெயரையோ போட்டிருந்தால், திருமணமானதும் அது செல்லாது. புதிதாகப் பதிய வேண்டும். பலர் இதை மறந்துவிடுகிறார்கள். பிறகு அலைவது மனைவியும் பிள்ளைகளும்தான்.

கும்மிடிப்பூண்டியிலிருந்து சென்ட்ரல் போய்ச் சேர ஒரு மணி நேரத்துக்கு மேலாகும். மொபைலில் பிஎஃப் கணக்கின் யுஏஎன் எண்ணைப் போட்டு நாமினியைச் சரிபார்க்கப் பொன்னேரி வருவதற்குள் நேரம் கிடைத்துவிடும்.