பரணில் ஓர் அலைவாங்கி

தொலைக்காட்சி நிலையக் கோபுரத்திலிருந்து வரும் மின்காந்த அலைகளைப் பெற்றுத் தொலைக்காட்சிப் பெட்டிக்குத் தருவது அலைவாங்கி. இதனை ஆன்டெனா என்றும் கூறுவர். 1926ஆம் ஆண்டு ஜப்பானிய அறிஞர்கள் யாகி, உடா ஆகியோர் உருவாக்கிய மீன்முள் வடிவ அலைவாங்கி, தூரதர்ஷன் காலத்தில் நம் நாட்டு மொட்டைமாடிகளில் நின்றது. ஒருவர் மாடியில் அதனைத் திருப்ப, மற்றொருவர் கீழிருந்து "இப்போது தெரிகிறது!" எனக் குரல் கொடுப்பார்.

அமெரிக்காவில் சிலர் சரிவான கூரையின் அடியிலுள்ள பரணில் அதனைப் பொருத்துகின்றனர். அங்கே மழையும் காற்றும் அதனைத் தாக்குவதில்லை. ஆனால், கூரை அலைகளின் வலிமையைக் குறைக்கிறது. மரத்தையும் ஓட்டையும் அலைகள் ஓரளவு ஊடுருவும். உலோகத் தகடோ அவற்றைத் தடுத்துவிடும். காப்பதும் கூரையே, தடுப்பதும் கூரையே! ஆகவே, அலைவாங்கியைக் கோபுரத்தின் திசை நோக்கி வைத்து, படம் தெளிவாகத் தெரியும் இடத்தைக் கண்டறிந்த பின்னரே இறுகப் பொருத்துதல் வேண்டும்.

சொற்பொருள்
பரண் – கூரைக்கு அடியில் பொருள்கள் வைக்கும் தளம்
ஊடுருவுதல் – உட்புகுந்து செல்லுதல்

வினாக்கள்
1. அலைவாங்கியைப் பரணில் பொருத்துவதன் நன்மை யாது? குறை யாது?
2. மொட்டைமாடி அலைவாங்கியைப் பற்றி உங்கள் வீட்டுப் பெரியோரிடம் கேட்டு, ஐந்து தொடர்கள் எழுதுக.