நிலத்திலிருந்து வீட்டுக்குள் வரும் வாயு

ஒஸ்திரியா நாட்டின் திரோல் மாநிலத்தில், மலைகளுக்கிடையே ஆற்றோரமாக உம்ஹவுசன் என்றொரு சிற்றூர் உண்டு. 1991இல் அங்குள்ள வீடுகளின் காற்றை அளந்தார்கள். உலக சுகாதார நிறுவனம் இன்று விரும்பும் எல்லை ஒரு கன மீற்றர் காற்றுக்கு 100 பெக்கரல். இயலாத இடத்தில் 300. உம்ஹவுசனில் கண்ட உச்ச அளவோ 274,000. ஊரின் அந்தப் பகுதியில் சுவாசப்பைப் புற்றுநோயால் இறந்தோரும் வழமையிலும் அதிகம்.

அந்த வாயுவின் பெயர் றேடன். நிறமில்லை, மணமில்லை. பாறையிலும் மண்ணிலும் சிறிதளவு கலந்திருக்கும் யுரேனியம் சிதைந்து சிதைந்து இடையில் இது பிறக்கிறது. வெளியில் காற்றோடு கலந்து போய்விடும். வீட்டுக்குள் தரை வெடிப்பு வழியாகப் புகுந்தால் தேங்கும். அதிலிருந்து தோன்றும் நுண்துகள்கள் மூச்சோடு சென்று சுவாசப்பையில் தங்கிக் கதிர்வீசும்.

உம்ஹவுசனில் ஏன் இவ்வளவு? பல்லாயிரம் ஆண்டுகளுக்கு முன் அங்கே பெரிய மலையொன்று சரிந்தது. நொறுங்கிய கற்பாறையை ஆறு அடித்துவந்து பரப்ப, அதன்மேல் ஊரின் ஒரு பகுதி எழுந்தது. நொறுங்கிய பாறை வாயுவை இலகுவில் வெளிவிடும். ஊரின் மற்றப் பகுதியில் அளவு பலமடங்கு குறைவு. ஆகவே அயல்வீட்டைப் பார்த்து நம் வீட்டைத் தீர்மானிக்க முடியாது. அந்தந்த வீட்டை அளக்கத்தான் வேண்டும்.

அளப்பது கடினமல்ல. சிறு டப்பாவுக்குள் ஒரு பிளாஸ்ரிக் துண்டு, மின்சாரம் தேவையில்லை. படுக்கும் அறையில், யன்னலுக்கும் அடுப்புக்கும் தள்ளி, மூன்று மாதமாவது அசையாமல் வைக்கவேண்டும். கதிர்கள் அதில் கீறும் தடங்களை ஆய்வுகூடத்தில் எண்ணுவார்கள். ஓரிரு நாள் அளவை மட்டும் நம்பவேண்டாம். பகலுக்கும் இரவுக்குமே அது மாறும்.

நமக்கு இதில் என்ன? யாழ்ப்பாணத்தின் கீழே சுண்ணாம்புக்கல். வவுனியா, மட்டக்களப்புப் பக்கமெல்லாம் கடும்பாறை. கிடுகு வேய்ந்த கொட்டிலிலும், ஓட்டு இடுக்கால் காற்று வந்துபோகும் வீட்டிலும் வாயு தேங்க இடமில்லை. அங்கே அச்சப்படத் தேவையில்லை. மீளக் குடியேறி, சீமெந்துக் கல்லால் நாற்புறமும் அடைத்துக் கட்டுவோரே கவனிக்கவேண்டும். கள்ளருக்கும் நுளம்புக்கும் பயந்து யன்னலை அடைப்பது எனக்குப் புரிகிறது. அப்படியானால் சுவரின் மேலே காற்றுத் துவாரமாவது விடுங்கள், வலையடித்துக்கொள்ளலாம். தரை வெடிப்புகளைச் சீமெந்தால் பூசிவிடுங்கள். பாறைக்குள் தோண்டிய குழாய்க்கிணற்று நீரிலும் இவ்வாயு கரைந்திருக்கலாம். வெளியே வாளியில் ஊற்றி அலசி வைத்தால் பெரும்பகுதி காற்றோடு போய்விடும்.

இன்னொன்று: ஒரே அளவு றேடன் உள்ள வீட்டில், புகைப்பவருக்கு வரும் ஆபத்து புகைக்காதவருக்கு வருவதைவிட ஏறத்தாழ 25 மடங்கு. டப்பா கிடைக்காத வீட்டிலும் சுருட்டை இன்றைக்கே அணைக்கலாம்.