அந்த ஊசி நடக்க வைக்காது

மூளைக்காய்ச்சலில் பிழைத்துப் படுத்த படுக்கையாகிவிட்ட குழந்தைக்கு ஸ்டெம்செல் ஊசி போட்டால் எழுந்து நடந்துவிடுமாம். ராசிபுரத்தில் கேட்ட இந்தப் பேச்சு ஆத்தூரிலும் கேட்கிறது. சங்ககிரியில் ஓய்ந்தால் பரமத்தி வேலூரில் கிளம்புகிறது. என்னிடம் இயன்முறை சிகிச்சைக்குப் பிள்ளையைத் தோளில் தூக்கி வரும் தாய்மார்கள், "ஏனுங்க, அந்த ஊசியப் போட்டுட்டா இந்தப் பயிற்சியெல்லாம் வேண்டியதில்லீங்களாமா?" என்று கேட்கிறார்கள். கைப்பேசியில் ஒரு காணொளியையும் காட்டுகிறார்கள். முதலில் பிள்ளை பாயில் கிடக்கிறது; அடுத்த காட்சியில் சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது. இரண்டுக்கும் நடுவில் எத்தனை மாதம் போயிற்று, அந்த மாதங்களில் என்ன செய்தார்கள் என்பது அதில் இல்லை.

இதைக் கோபமில்லாமல் எழுத என்னால் முடியவில்லை. இந்த ஊசிக்காகத் தறியை விற்கிறார்கள், தாலிக்கொடியை அடகு வைக்கிறார்கள், வட்டிக்கு வாங்குகிறார்கள்.

முதலில் நோயைப் பார்ப்போம். ஜப்பானிய மூளைக்காய்ச்சல் என்ற பெயரைக் கேட்டு அயலூர் வியாதி என்று நினைக்க வேண்டாம். இந்தியாவில் மனிதர்களிடம் இது முதலில் கண்டறியப்பட்டதே 1955இல், நம் வேலூரில்தான். நெல்வயலில் தேங்கும் நீரில் பெருகும் க்யூலெக்ஸ் கொசு, பன்றியிடமிருந்தும் கொக்கு நாரைகளிடமிருந்தும் வைரஸை எடுத்து மனிதருக்குக் கடத்துகிறது. கிருமி தொற்றிய பெரும்பாலோருக்கு ஒன்றும் ஆவதில்லை. மூளை வீங்கும் அளவுக்குப் போனவர்களில் பத்துக்கு இரண்டு மூன்று பேர் இறக்கிறார்கள். பிழைத்தவர்களிலும் மூன்றில் ஒரு பங்குக்குக் குறையாமல், சில சமயம் பாதிப்பேர் வரைக்கும், நிரந்தரக் குறைபாட்டோடு வீடு திரும்புகிறார்கள். தலாமஸ், மூளைத்தண்டு போன்ற ஆழமான பகுதிகளில் நரம்புச் செல்கள் செத்துப்போவதால் கை முறுக்கிக்கொள்கிறது, பேச்சு போகிறது, வலிப்பு வருகிறது.

இப்போது அந்த ஊசி. ஸ்டெம்செல் என்றால் ஏதோ புது மூளையையே கொண்டுவந்து வைப்பார்கள் என்று நினைக்கிறார்கள். நம் நாட்டில் பெரும்பாலும் நடப்பது இதுதான்: பிள்ளையின் இடுப்பெலும்பில் தடித்த ஊசியைக் குத்தி மஜ்ஜையை உறிஞ்சுகிறார்கள். அதிலிருந்து சில செல்களைப் பிரித்தெடுத்து, முதுகுத்தண்டின் கீழ்ப்பகுதியில் இன்னொரு ஊசி வழியாகச் செலுத்துகிறார்கள். மஜ்ஜைச் செல்லின் வேலை ரத்தத்தை உண்டாக்குவது. தண்டுவட நீரில் விட்டுவிட்டால் அது நீந்திப்போய்த் தலாமஸைக் கண்டுபிடித்து, செத்த நரம்பின் இடத்தில் உட்கார்ந்து, சரியான நரம்போடு இணைந்துகொள்ளாது. சில இடங்களில் கையில் டிரிப் மாதிரி ஏற்றுகிறார்கள். அப்படி ஏற்றும் செல்களில் பெரும்பகுதி நுரையீரலின் நுண்குழாய்களில் சிக்கிச் சில நாட்களில் அழிந்துவிடுகிறது. மூளையை அது எட்டுவதே இல்லை.

"செல் நரம்பாக மாறாவிட்டாலும் வீக்கத்தைக் குறைக்குமே" என்று அடுத்த வாதம் வருகிறது. வீக்கம் இருப்பது காய்ச்சலோடு தீவிர சிகிச்சைப் பிரிவில் கிடக்கும் முதல் வாரங்களில். இவர்கள் ஊசி போடுவதோ ஆறு மாதம், ஒரு வருடம் கழித்து. எரிந்து முடிந்த கூரைமேல் தண்ணீர் ஊற்றி என்ன பயன்?

பிறகு எப்படிச் சில பிள்ளைகள் தேறுகிறார்கள்? எங்கள் துறையில் இருப்பவர்கள் உரக்கச் சொல்ல வேண்டிய பதில் இது. மூளைக்காய்ச்சலுக்குப் பிறகு ஆறு மாதம் முதல் ஒரு வருடம் வரை மூளை தானாகவே ஓரளவு மீள்கிறது. பெற்றோர் பணம் புரட்டிக்கொண்டு ஊசிக்குப் போவதும் சரியாக அந்தக் காலத்தில்தான். அதோடு, ஊசி போடும் இடங்களின் ரசீதைக் கொஞ்சம் படித்துப் பாருங்கள். 'தொகுப்புச் சிகிச்சை' என்று போட்டு, அதற்குக் கீழே இயன்முறைப் பயிற்சி, அன்றாடச் செயல் பயிற்சி, பேச்சுப் பயிற்சி என்று தினமும் மணிக்கணக்கில் எழுதியிருக்கும். பிள்ளையை நிற்க வைத்தது அந்தப் பயிற்சி. ஊசியையும் பயிற்சியையும் சேர்த்துக் கொடுத்துவிட்டு, பயிற்சி மட்டும் பெற்ற பிள்ளைகளோடு ஒப்பிட்டுப் பார்க்காமல், பலனை ஊசியின் கணக்கில் எழுதுவது ஆராய்ச்சி ஆகாது. ஊருக்குத் திரும்பியதும் பெற்றோர் பயிற்சியை விட்டுவிடுகிறார்கள், அதுதான் ஊசி போட்டாயிற்றே என்று. சில மாதங்களில் குதிகால் தசைநாண் இறுகிப் பாதம் கீழ்நோக்கி வளைந்துவிடுகிறது. காணொளியில் நின்ற பிள்ளையால் மறுபடி நிற்க முடிவதில்லை. அதை யாரும் காணொளி எடுப்பதில்லை.

சட்டமும் தெளிவாகவே இருக்கிறது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2017இல் வெளியிட்ட தேசிய நெறிமுறை, ரத்த நோய்களுக்கான மஜ்ஜை மாற்று சிகிச்சை போன்ற அங்கீகரிக்கப்பட்டவற்றைத் தவிர மற்றதெல்லாம் ஆய்வாக மட்டுமே நடக்கலாம் என்கிறது. ஆட்டிசத்துக்கு ஸ்டெம்செல் சிகிச்சையைப் பரிந்துரைப்பதும் விளம்பரம் செய்வதும் தொழில்முறை ஒழுங்கீனம் என்று தேசிய மருத்துவ ஆணையத்தின் நெறிமுறை வாரியம் 2022 டிசம்பரில் சொல்லிவிட்டது. யாராவது "இது ஆய்வுங்க" என்று சொன்னால் இரண்டு கேள்வி கேளுங்கள். இந்திய மருத்துவ ஆய்வுப் பதிவேட்டில் இதன் எண் என்ன? நாங்கள் எவ்வளவு கட்ட வேண்டும்? முறையான ஆய்வில் பங்கேற்பவரிடம் சிகிச்சைக்குப் பணம் வாங்கக் கூடாது. லட்சக்கணக்கில் கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள்.

"பலன் இல்லாவிட்டாலும் கெடுதல் இல்லையே" என்பவர்கள் மாஸ்கோவில் கருவின் நரம்பு ஸ்டெம்செல் ஊசி போட்டுக்கொண்ட இஸ்ரேல் சிறுவனின் கதையைத் தெரிந்துகொள்ள வேண்டும். சில ஆண்டுகள் கழித்து அவன் மூளையிலும் தண்டுவடத்திலும் கட்டிகள் வளர்ந்திருந்தன. அவை ஊசியில் வந்த செல்களிலிருந்து முளைத்தவை என்று 2009இல் ஆய்விதழில் நிரூபித்தார்கள். மஜ்ஜைச் செல் வேறு, அந்தச் செல் வேறு என்பது உண்மைதான். ஆனால் உங்கள் பிள்ளைக்குள் போவது எந்தச் செல், எங்கே தயாரானது என்று எழுத்தில் யாராவது கொடுத்தார்களா?

நான் ஸ்டெம்செல்லுக்கே எதிரி இல்லை. வேலூர் சி.எம்.சி.யில் 1986இலிருந்து மஜ்ஜை மாற்று சிகிச்சை நடக்கிறது. தலசீமியா, ரத்தப் புற்றுநோயிலிருந்து எத்தனையோ பிள்ளைகள் பிழைத்திருக்கிறார்கள். அங்கேயே நோயாளிகளின் ரத்த ஸ்டெம்செல்லில் மரபணுவைச் சேர்த்து ஹீமோபிலியாவுக்குச் செய்த ஆய்வு 2024இல் உலகின் முதன்மையான மருத்துவ இதழில் வந்தது. பங்கேற்றவர்கள் ஐந்து பேர். ஐந்து பேருக்குச் செய்யவே அத்தனை ஆண்டு, அத்தனை அனுமதி. ஒரு வாட்ஸ்அப் எண்ணில் முன்பதிவு செய்து வாங்கும் பொருள் இல்லை அது.

மற்ற நம்பிக்கைகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன்.

தொப்புள்கொடி ரத்தத்தைக் காசு கட்டிச் சேமித்தால் நாளை மூளைக்காய்ச்சலுக்கு உதவும்: உதவாது. தனியார் வங்கியில் இப்படிச் சேமிப்பதை உயிர்க் காப்பீடு போல விற்பதை இந்தியக் குழந்தை மருத்துவர்கள் கழகம் 2018இலேயே எதிர்த்திருக்கிறது.

நாமக்கல் கோழிப்பண்ணையும் முட்டையும்தான் காரணம்: முட்டை தின்று யாருக்கும் மூளைக்காய்ச்சல் வராது. கொசுவையும் ஊருக்குள் திரியும் பன்றியையும் கவனியுங்கள்.

காய்ச்சலுக்குப் பிறகு கால் விழுந்துவிட்டால் ஸ்டெம்செல்தான் வழி: அது பல சமயம் கில்லன் பாரே நோய். இம்யூனோகுளோபுலின் அல்லது பிளாஸ்மா மாற்று முறையை முதல் இரண்டு வாரத்துக்குள் தொடங்க வேண்டும். பத்தில் எட்டுப் பேர் ஆறு மாதத்துக்குள் துணையில்லாமல் நடக்கிறார்கள். ஊசிக்காரர்கள் காட்டும் 'அதிசயங்களில்' இவர்களும் உண்டு.

தட்டம்மை வந்துபோனால் நல்லது: தட்டம்மை கண்ட சிலருக்குப் பல ஆண்டுகள் கழித்து மூளை கொஞ்சம் கொஞ்சமாகச் செத்துப்போகும் நோய் வருகிறது. அதற்கு மருந்து இல்லை, ஸ்டெம்செல்லும் இல்லை. 2017 பிப்ரவரியில் தமிழகத்தில் தட்டம்மை-ரூபெல்லா தடுப்பூசி முகாம் நடந்தபோது வாட்ஸ்அப் வதந்திகளை நம்பிப் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பாமல் வீட்டில் வைத்துக்கொண்ட பெற்றோர் இருந்தார்கள். ஊசி போட்டிருக்க வேண்டிய இடத்தில் மறுத்தார்கள். போடக் கூடாத ஊசிக்கு நிலத்தை விற்கிறார்கள்.

பயிற்சியைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். பிள்ளையை மல்லாக்கப் படுக்க வையுங்கள். குதிகாலை உள்ளங்கையில் ஏந்துங்கள். உங்கள் முன்கை அதன் பாதத்தின் அடியில் ஒட்டியிருக்கட்டும். முழங்கால் மடங்காமல் மறு கையால் பிடித்துக்கொண்டு, பாதத்தை மெல்ல மேல்நோக்கி அழுத்தி முப்பது வரை எண்ணுங்கள். பிள்ளை அழுதால் அழுத்தத்தைக் குறையுங்கள், விட்டுவிடாதீர்கள். காலையும் மாலையும் இதைச் செய்தால் அந்தப் பாதம் செருப்புப் போடும் நிலையில் இருக்கும். செருப்புப் போட முடிந்தால்தான் நிற்கும் பலகையில் கட்டி நிற்க வைக்க முடியும். நின்றால்தான் இடுப்பு மூட்டு நழுவாமல் இருக்கும். ஆத்தாவும் அப்பாவும் தறிக்குப் போய்விடும் வீட்டில் இதைப் பாட்டிகள் என்னைவிட நன்றாகச் செய்கிறார்கள்.

2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வந்து இயன்முறை சிகிச்சை தர வழி இருக்கிறது. உங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயரைப் பதியுங்கள். வருகிற ஆள் போதவில்லை என்றால் கிராம சபையில் எழுந்து கேளுங்கள். சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரை வீடு தேடி வருவது போல, படுத்திருக்கும் பிள்ளையின் வீட்டுக்கு வாரம் மூன்று முறையாவது இயன்முறை மருத்துவர் வர வேண்டும். ஒவ்வொரு ஒன்றியத்திலும் அதற்கு ஆளும் வண்டியும் கேட்டுத் தீர்மானம் போடுங்கள். தீர்மானத்தின் நகலை மாவட்ட ஆட்சியருக்கும் அனுப்புங்கள்.