கடற்கரைத் தாவரங்களுள் வாழும் பூசணங்கள்

வடலூர்ச் செம்மண் மேட்டில் மணிலாக்கொட்டை பயிரிடும் குடியானவர்க்கும் சிதம்பரத்திற்கு அப்பாலுள்ள பிச்சாவரம் சதுப்புக் காட்டிற்கும் யாதொரு சம்பந்தமும் இல்லையெனத் தோன்றலாம். அக்காட்டிலே சுரபுன்னை, வெண்கண்டல், தில்லை முதலிய மரங்கள் உப்பு நீரில் வேரூன்றிச் செழிக்கின்றன. அவற்றின் இலைகளுக்குள்ளே கண்ணுக்குப் புலப்படாத பூசணங்கள், மரத்திற்கு நோய் விளைவியாமல் குடியிருக்கின்றன.

இலையின் மேற்புறத்துக் கிருமிகளைச் சாராயத்தாலும் வெளுப்புக் கரைசலாலும் போக்கி, சிறு துண்டுகளாக நறுக்கிப் போஷணைக் கூழின்மேல் வைத்தால், சில தினங்களில் உள்ளிருக்கும் பூசண இழைகள் வெளிப்படும். சுரபுன்னையின் இருவகைகளை இவ்வாறு சோதித்துச் சூரியநாராயணன் முதலியோர் 1998-ஆம் வருடத்தில் வெளியிட்ட ஆராய்ச்சியில், ஏப்ரல் முதல் ஜூலை வரையுள்ள வறண்ட மாதங்களைவிட அக்டோபர் முதல் டிசம்பர் வரையுள்ள மழை மாதங்களில் இவை மிகுந்திருக்கக் காணப்பட்டன.

இலையினுள் இடத்திற்கும் இரைக்கும் போட்டியுண்டு. ஆகவே இப்பூசணங்களிற் பல, பிற பூசணங்களையும் பாக்டீரியாக்களையும் தடுக்கும் இரசாயனங்களைச் சுரக்கின்றன. பூசணத்தின் சுரப்பு பயிரை எவ்வளவு மாற்றவல்லது என்பதற்கு நெல்லே சாட்சி. நாற்று வெளிறி, அளவுக்கு மீறி நெட்டுயர்ந்து மடியும் நோயைப் பூசணத்தின் சுரப்பே உண்டாக்குகிறதென 1926-இல் குரோசாவா என்னும் ஜப்பானியர் காட்டினார். அப்பொருளே ஜிப்ரெல்லின். இன்று திராட்சைக் குலைகளை நனைப்பதும் அதுவே. நோயின் விஷம் மருந்தான கதை!

உவர்நிலம் உடையோர் கவனிக்க வேண்டியது வேறொன்று. அமெரிக்கக் கடற்கரை மணற்புல் ஒன்றினுள் வாழும் பியூசேரியம் பூசணத்தை நெல்லில் ஏற்றியபோது, நெல் உப்பைத் தாங்கும் சக்தி கூடியதென 2011-இல் வெளியான ஆராய்ச்சி கூறுகிறது. ஆனால் அதே பூசண இனம் கோதுமைக்கு நோயும் விளைவிப்பது. ஆதலால் பரிசோதனை முற்றுப்பெறாத பூசணத்தை வயலில் இடுதல் தகாது. “கடற்கரைப் பூசணம்” என்று எவரேனும் பொடி விற்பாராயின், பூசணத்தின் பெயர், பதிவு எண், காலாவதித் தேதி ஆகியவற்றைக் கேட்டறிக. பிச்சாவரத்து இலைகளைப் பறித்து அரைத்துத் தெளிக்க முற்படுதலும் கூடாது. தில்லையின் பால் கண்ணிற் பட்டால் பார்வைக்கே கேடு. காட்டையடுத்த கிராமங்களின் அதிகாரிகள் மரம் வெட்டுதலைத் தடுப்பது நலம். மரம் போயின், இன்னும் ஆராயப்படாத பூசணங்களும் உடன் போகும்.

மணிலாவின் வேரழுகலுக்கு இப்போதே கைகண்டது டிரைக்கோடெர்மா விரிடி. இதுவும் நோய்ப் பூசணத்தைத் தடுக்கும் பொருள்களைச் சுரப்பதே. விதைப் பருப்பு கிலோ ஒன்றுக்கு 4 கிராம் கலந்து விதைக்கவும். இரசாயனப் பூசணக்கொல்லி தடவிய விதையில் இதனைச் சேர்த்தால் பூசணம் மடிந்துபோகும், பணமும் வீண்.