கடனீர்த் தொட்டி மீன்களின் வெண்புள்ளி நோயும் அதையொத்த நோய்களும்

இலங்கையின் பவளப்பாறைகளிற் பிடிக்கப்படும் அலங்கார மீன்கள் வெளிநாடுகளுக்கு அனுப்பப்படுவதோடு உள்நாட்டிலும் கடனீர்த் தொட்டிகளில் வளர்க்கப்படுகின்றன. விரிந்த கடலில் மீனை விட்டு நீங்கிய ஒட்டுண்ணியின் குஞ்சுகள் வேறொரு மீனை அடைவது அரிது. தொட்டியிலோ மீனுக்குத் தப்ப வழியில்லை. ஒன்றிற் கண்ட நோய் சில நாட்களுள் எல்லாவற்றையும் பற்றிவிடும்.

மருந்திடுமுன் நீரைச் சோதித்தல் வேண்டும். எல்லா மீன்களும் ஒரே வேளையில் விரைந்து மூச்சு வாங்கினால் அமோனியாவையோ நைத்திரைற்றையோ முதலில் ஐயுறுதல் தகும். புதிதாக அமைத்த தொட்டிகளில் இது பெரிதும் நிகழும். அவ்வாறாயின் அதே வெப்பநிலையும் உவர்த்தன்மையுமுள்ள புதுநீரால் ஒரு பகுதியை மாற்றிக் காற்றூட்டினாற் போதும். இந்நிலையில் மருந்திடுவது மீனைக் கொல்வதற்கு ஒப்பாகும்.

நீர் குற்றமற்றதாயின் மீனை உற்றுநோக்குக. உடலிலும் செட்டைகளிலும் உப்புக்கல் அளவான வெண்புள்ளிகள் தோன்றி, மீன் கற்களில் உராய்ந்தால் அது கிரிப்தோகாரியன் என்னும் ஒட்டுண்ணியால் வரும் வெண்புள்ளி நோயாகும். புள்ளிகள் மிக நுண்ணியனவாய்ப் பொற்றூள் தூவியதுபோலத் தோன்றினால் அது அமிலூடினியம். இருட்டில் மின்சூளை பக்கவாட்டிற் பிடித்துப் பார்த்தால் இது தெளிவாகும். இது செவுள்களையே முதலிற் பற்றுவதால், புள்ளி காணுமுன்னரே மீன் இறத்தலும் உண்டு. கோமாளி மீனின் தோலிலிருந்து சளி படலமாக உரியுமாயின் புறூக்கிளினெல்லா என்னும் ஒட்டுண்ணியை ஐயுறுக. செட்டை ஓரத்திற் பூக்கோவா போன்ற கட்டிகள் வருவது வைரசு நோய், அதற்கு மருந்தில்லை. நல்லுணவும் தூயநீரும் கொடுத்தால் அது பெரும்பாலும் தானே மறையும்.

நுணுக்குக்காட்டி கிடைக்குமாயின் தோற்சளியைச் சிறிது வழித்துப் பார்த்தல் நன்று. கிரிப்தோகாரியன் மயிர்கள் சூழ்ந்து உருண்டு சுழலும். அமிலூடினியம் கருமையாய், பேரிக்காய் வடிவில் அசைவற்று ஒட்டியிருக்கும்.

வெண்புள்ளி நோயிற் பலர் ஏமாறுவது ஓரிடத்திலேயே. ஒட்டுண்ணி மீனின் தோலினுள் மூன்று முதல் ஏழு நாள்வரை தங்கி, பின் நீங்கி, அடித்தளத்திற் கூடு கட்டிப் பெருகும். புள்ளிகள் மறைந்தமை கண்டு நோய் நீங்கிற்றென மருந்தை நிறுத்துவர். சில நாட்களிலோ சில கிழமைகளிலோ கூடுகள் வெடித்து முன்னிலும் பன்மடங்கான குஞ்சுகள் வெளிவரும். தோலினுள் இருப்பதையும் கூட்டினுள் இருப்பதையும் மருந்து தாக்காது. நீந்தும் குஞ்சுகளையே கொல்லும். ஆதலின் சிகிச்சை நீண்டதாயிருத்தல் இன்றியமையாதது.

செம்பே இவ்விரு ஒட்டுண்ணிகளுக்கும் பழகிய மருந்து. நான்கு கிராம் பளிங்குச் செப்புச் சல்பேற்றை (மயில்துத்தம்) ஓர் இலீற்றர் வடிநீரிற் கரைத்தால், அதன் ஒரு மில்லிலீற்றரில் ஏறக்குறைய ஒரு மில்லிகிராம் செம்பு இருக்கும். நூறு இலீற்றர் தொட்டிக்கு இக்கரைசல் 20 மில்லிலீற்றர் போதுமானது. அதனை இரண்டு மூன்று நாட்களிற் பிரித்து இடுக. இலீற்றருக்கு 0.15 முதல் 0.20 மில்லிகிராம் வரை செம்பு மூன்று கிழமைகளாவது நிலைத்திருத்தல் வேண்டும். குறைந்தாற் பயனில்லை, மிகுந்தால் மீனுக்கு நஞ்சு. நாளுக்கு இருமுறை சோதனைப் பெட்டியால் அளவிடுக. பவளக்கல்லும் சுண்ணமணலும் செம்பை உறிஞ்சும். பவளமும் இறாலும் செம்பால் மடியும். ஆகையால் இச்சிகிச்சையை வெறுந் தொட்டியிலேயே செய்க.

உவர்த்தன்மையை ஆயிரத்துக்கு 15 பங்காகக் குறைத்து மூன்று நான்கு கிழமை வைத்திருப்பதும் வெண்புள்ளி நோயைத் தீர்க்கும். சில நாட்களிற் படிப்படியாகக் குறைத்து, அதனினும் மெதுவாக உயர்த்துக. அமிலூடினியம் குறைந்த உவரையும் பொறுத்துக்கொள்ளுமாதலால் அதற்கு இம்முறை உதவாது. இரண்டையும் பிரித்தறிதல் இதனாலேயே முக்கியம்.

புறூக்கிளினெல்லாவுக்குச் செம்பு பயன்படாது. நூறு இலீற்றர் கடனீருக்கு 15 மில்லிலீற்றர் போமலின் கலந்து, நன்கு காற்றூட்டி, முப்பது நிமிடம் முதல் ஒரு மணிநேரம் வரை மீனை விடுக; மீன் தளர்ந்தால் உடனே எடுத்துவிடுக. வெண்படிவு விழுந்த போமலினைப் பயன்படுத்தலாகாது. அதன் ஆவி தீங்கானது. கையுறை அணிந்து திறந்த வெளியிலேயே கையாளுக.

மீன்களை அகற்றிய பழைய தொட்டியை ஆறு முதல் பத்துக் கிழமைவரை மீனின்றி விடுக. புதிதாக வாங்கும் மீனை நான்கு கிழமையாவது தனித் தொட்டியில் வைத்திருந்த பின்னரே மற்றவற்றோடு சேர்க்கலாம். அத்தொட்டிக்கெனத் தனி வலையும் குழாயும் ஒதுக்குக. ஈரமான வலையோடும் நோய் செல்லும்.