தொண்டையில் உறையும் பகை

மாடு என்னும் சொல்லுக்குச் செல்வம் என்னும் பொருளும் உண்டு. பண்டைத் தமிழர் அப்பெயரை வாளா இட்டாரல்லர். வைகையின் தென்பால் அமைந்த வில்லாபுரம் இன்று மதுரை மாநகரின் ஒரு பகுதி. அதற்கு அணித்தாகிய அவனியாபுரத்தில் தைத் திங்கள் முதல் நாளில் ஏறுதழுவுதல் நிகழும். காளைகளைக் கால்நடை மருத்துவர் ஆராய்ந்த பின்னரே களத்துள் விடுவர். காயமும் காய்ச்சலும் அவர் கண்ணுக்குத் தப்பா. ஆயினும், திமில் உயர்ந்து செருக்குடன் நிற்கும் மாட்டின் தொண்டையினுள்ளே கொடிய நோயொன்றின் வித்து உறங்கிக் கிடத்தல் கூடும்.

அந்நோய் தொண்டை அடைப்பான் எனப்படும். மாலையில் வைக்கோல் தின்ற மாடு மறுநாட் காலையில் தலை தாழ்த்தி நிற்கும். உடல் கொதிக்கும், வாயிலிருந்து எச்சில் ஒழுகும், தொண்டை வீங்கி மூச்சுத் திணறும். பெரும்பாலும் ஓரிரு நாளில் உயிர் நீங்கும். எருமைக்கோ இன்னும் விரைவில் முடிவு நேரும். வீக்கம் கண்ட பின்னர் அளிக்கும் மருந்து பயன் தருதல் அரிது. ஓர் எருமையின் பாலை விற்று உயிர் வாழும் குடும்பத்திற்கு அவ்வோர் இரவில் நேரும் இழப்பை அளவிட்டுரைக்க வேண்டுவதில்லை.

இதற்குக் காரணம் பாஸ்டுரெல்லா மல்டோசிடா என்னும் நுண்ணுயிர். பிரெஞ்சு நாட்டு அறிஞர் லூயி பாஸ்டரின் பெயரால் அவ்வினம் வழங்குகின்றது. மழைக்காலத்தில் இந்நோய் மிகுதலைக் கண்டவர்கள், சேற்று நிலத்திலேயே அந்நுண்ணுயிர் ஆண்டு முழுதும் தங்கியிருக்கும் என்று எண்ணினர். ஈர மண்ணும் நீரும் அதனைப் பரப்புவது உண்மையே. ஆனால் அவற்றில் அது நெடுங்காலம் வாழ்வதில்லை. அங்ஙனமாயின், ஒரு மழைக்கும் அடுத்த மழைக்கும் இடையே அஃது எங்கே ஒளிந்திருக்கின்றது?

நோயுற்ற மாடுகளை மட்டும் ஆராய்ந்தோர்க்கு இவ்வினாவின் விடை கிட்டவில்லை. நலமாயிருந்த மாடுகளை ஆராய்ந்தோர்க்கே அது கிட்டியது. இலங்கையில் டி அல்விஸ் என்னும் கால்நடை அறிஞரும் அவர்தம் துணைவரும் எருமைகளை ஆராய்ந்து, தம் முடிவுகளை 1990ஆம் ஆண்டில் வெளியிட்டனர். நோய்க்கு ஆட்பட்டும் இறவாது நின்ற எருமைகளின் உள்நாக்குச் சுரப்பிகளில் அந்நுண்ணுயிர் தங்கியிருந்தது. மூக்கிற்கு அஃது இடையிடையே மட்டுமே வரும். ஆதலின் மூக்குநீரைத் துடைத்துச் சோதித்து, ‘நுண்ணுயிர் இல்லை’ என்று கண்டதனால் மட்டும் அம்மாட்டைத் தூயதென்று துணிய இயலாது. இறைச்சிக்கூடங்களில் அறுக்கப்பட்ட மாடுகளின் சுரப்பிகளை எடுத்துச் சோதித்தலே உறுதியான வழியாகும். சுரப்பியில் வேறு பல நுண்ணுயிர்களும் கலந்திருக்குமாதலால், அதன் சாற்றைச் சுண்டெலிக்கு ஊசி வழியே செலுத்துவர். இக்கொடியது அச்சிற்றுயிரை விரைந்து கொல்ல, அதன் குருதியிலிருந்து இதனைப் பிரித்தெடுப்பர். இரங்கத்தக்க முறைதான்.

கோடையில் தீவனம் குன்றி மெலிந்த மாடு, மழை பெய்தவுடன் ஏரிற் பூட்டப்பட்டு நனைந்து நலியும்போது உறங்கிய நுண்ணுயிர் பெருகும். மூக்குநீராலும் எச்சிலாலும் தீவனத்திலும் தண்ணீர்த் தொட்டியிலும் கலந்து ஏனைய மாடுகளைப் பற்றும்.

இராணிப்பேட்டையில் 1932இல் தொடங்கப்பெற்ற கால்நடை நோய்த்தடுப்பு மருந்து நிலையம் முதலில் வெக்கை நோயை எதிர்க்கவே முயன்றது. அவ்வெக்கை நோய் உலகினின்றே ஒழிந்ததென 2011இல் அறிவிக்கப்பட்டது. பிழைத்த மாட்டின் உடலில் அது நிலைத்துத் தங்காமை அதனை ஒழிக்கப் பெரிதும் உதவிற்று. தொண்டை அடைப்பானோ அத்தகையதன்று.

“நன்றாக நிற்கும் மாட்டுக்கு ஊசி எதற்கு?” என்று வினவுவார் உளர். நன்றாக நிற்கும்போதே போடவேண்டிய ஊசி அது. மதுரை வட்டாரத்தில் ஐப்பசி மழை தொடங்குமுன் ஆண்டுதோறும் அதனைப் போட்டுவிடுதல் வேண்டும். ஊசி நோயினின்று காக்குமேயன்றித் தொண்டையில் முன்னரே குடிபுகுந்த நுண்ணுயிரை முற்றும் அகற்றும் என்று கொள்வதற்கில்லை. ஆதலின், சந்தையில் வாங்கிய மாட்டைத் தொழுவத்திற் சேர்க்குமுன், அங்குள்ள மாடுகளுக்கு ஊசி போடப்பட்டுள்ளதா என்று பார்த்துக்கொள்வர் விவரம் அறிந்தோர்.